செத்தவர் பெயரில் ஒரு துவக்கு

அரசாங்க அலுவல் நடக்கிற கச்சேரிக்கு முன்னால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலுக்கு முதலில் வேண்டிய சாமான் பொறுமை. என்னிடம் அது ஒன்றுதான் இல்லை.

ஏ.எல். பரீட்சையில் கவிழ்ந்ததும் எல்லாரும் "இன்னொருக்கா எடு" என்றார்கள். ஏலாது என்று சொல்லிவிட்டுத் தவம் அண்ணனின் கொமினிகேசன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஆட்கள் குந்த ஒரு வாங்கு. கச்சேரிக் கேற்றுக்கு நேர் எதிரே கடை. உள்ளே போய் "நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டு வெளியே வருகிற முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த முகத்தோடு நீங்களும் ஒருநாள் எங்காவது நின்றிருப்பீர்கள்.

இந்த முறை வருசக் கடைசியில் வந்த ஆட்களில் பாதிப் பேர் துவக்குக்காரர். எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் ஆனை, காட்டுப் பண்டி விரட்ட வயல்காரருக்கு லைசன் போட்டுத் துவக்குக் கொடுப்பார்கள். லைசன்காரர் செத்தால் லைசனும் அவரோடு செத்துப் போகும். துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு, பிள்ளையோ மனிசியோ புதிதாக எழுதிக் கேட்க வேண்டும். இது இப்போதுள்ள முறை. புதுச் சட்டம் ஒன்று வரப் போகுதாம், அதற்குப் பிறகு அப்பன் துவக்கு பிள்ளைக்கு வராதாம், அரசாங்கம் எடுத்துவிடுமாம் என்று ஒரு கதை. இல்லை, வரும், ஆனால் ஆயிரம் கேள்வி கேட்பார்களாம் என்று இன்னொரு கதை. அந்தச் சட்டத்தை வாசித்த ஒருவரையும் நான் காணவில்லை. பயந்தவர்களை மட்டும் தினமும் கண்டேன்.

பயந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்பா மழைக்காலத்தில் நோய்ப்பட்டுச் செத்தார். அவருடைய ஒற்றைக் குழல் துவக்கு வெல்லாவெளியில் எங்கள் வீட்டு அறைக்குள், நெல் மூட்டைக்குப் பின்னால் நிற்கிறது. ஒப்படைக்கவில்லை. "குடுத்தா வராது புள்ள. புதுச் சட்டம் வந்து விழுங்கிரும்" என்று அம்மா விடவில்லை. பொலிஸ் வந்து பார்த்தால் அம்மாவைத்தான் கொண்டு போவார்கள். இது தவம் அண்ணனுக்கும் தெரியாது. மற்றவர்களின் துவக்குக்கு நான் விண்ணப்பம் அடித்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எங்கள் வீட்டு அறை தெரிந்தது.

போன் எழுதிய கடிதம்

பொலிஸுக்குப் போகிற கடிதம் சிங்களத்தில் இருந்தால் அலுவல் கெதியாக முடியும் என்பது தவம் அண்ணனின் நம்பிக்கை. அவருக்குச் சிங்களம் தெரியாது. அவருடைய போனுக்குத் தெரியும். தமிழில் அடித்துப் போனில் போட்டால் அது சிங்களமாக்கித் தரும். "சிங்களம் தெரிஞ்ச ஆரிட்டயும் ஒருக்காக் காட்டுவம் அண்ணே" என்றேன். "நீ படிச்சுக் கிழிச்சது காணும். பிரிண்ட் எடு" என்றார்.

நாகராசா அண்ணன் என்று எங்கள் பக்கத்து வயல்காரர். தகப்பன் செத்துவிட்டார். 'இறந்துபோன என் தகப்பனின் துவக்கு என் வீட்டில் உள்ளது. அதை ஒப்படைத்து என் பெயருக்கு மாற்ற விரும்புகிறேன்' என்று கடிதம். துவக்கு என்றால் எங்களுக்கு வெடி வைக்கிற சாமான். போன் எந்த ஊரில் தமிழ் படித்ததோ, அதற்குத் துவக்கு என்றால் தொடக்கம். அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டது. நாங்களும் ஒழுங்காகக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

துவக்கை ஆட்டோவுக்குள் சாரனால் மூடி வைத்துவிட்டு, பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டு அவர் பொலிஸுக்குள் போயிருக்கிறார். சார்ஜன்ட் கடிதத்தை ஒருதரம் வாசித்தாராம். மறுகா ஒருதரம் வாசித்தாராம். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினாராம். போன வேகத்திலேயே நாகராசா அண்ணன் கடைக்குத் திரும்பி வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. கடிதத்தைத் தவம் அண்ணனின் மேசையில் போட்டார்.

"உன்ட அப்பன்ட ஆரம்பம் உன்ட வீட்டில இரிக்கா எண்டு கேக்கான். ஓம் எண்டும் சொல்ல ஏலா, இல்ல எண்டும் சொல்ல ஏலா. நான் என்னத்தடா சொல்ல?"

உரபேக்

அடுத்த கிழமை வந்த ஆளின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. ஆள் உரபேக் சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்து வந்து, போட்டோக்கொப்பி மெஷின்மேல் நீட்டாக வைத்தார். "இதில நம்பர் ஒண்டு வெட்டியிரிக்கி. அத மட்டும் ஒரு கொப்பி எடுங்க" என்றார். பையின் வாயை விரித்தார். துவக்கு.

மாமனாருடையதாம். மாமனார் செத்த பிறகு துவக்கு எண்ணைக் கேட்டார்களாம், எழுதத் தெரியாததால் துவக்கையே கொண்டு வந்துவிட்டாராம். பஸ்ஸில். எதிரே கச்சேரிக் கேற்றில் பொலிஸ்காரர் நிற்கிறார். குழலோ வாங்கில் குந்தியிருந்த ஒரு கர்ப்பிணி அக்காவைப் பார்த்தபடி கிடக்கிறது. தவம் அண்ணன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. "வெடி இரிக்கா உள்ள?" என்று நான் கேட்டேன். "மாமாட்டத்தான் கேக்கணும்" என்றார் அந்த மனிசன். மாமனார் சுடலையில் கிடக்கிறார்.

அக்காவை எழும்பச் சொன்னேன். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முறித்துத் திறந்து பார்த்தேன். உள்ளே தோட்டா இருந்தது. எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். தவம் அண்ணனுக்கு அப்போதுதான் சத்தம் வந்தது. "உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" "அப்பா காட்டித் தந்தவர்." "அப்பாட துவக்கு இப்ப எங்க?" நான் கணினிப் பக்கம் திரும்பிவிட்டேன். என் முதுகையே அவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இதற்கிடையில் உரபேக்காரர் வாங்கில் குந்தி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"நல்ல காலம் புள்ள. பஸ்ஸில சீற் இல்ல. நான் அதுக்கு மேலதான் குந்தி வந்தன்."

எட்டில் ஒரு பங்கு

ஒரு துவக்குக்கு நாலு வாரிசு இருந்தால் ஒருவர் பெயருக்குத்தான் எழுதலாம். மற்ற மூன்று பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒரு வரியால் எத்தனை குடும்பம் பிரிந்தது என்று எங்கள் வாங்கிடம்தான் கேட்க வேண்டும்.

ஓட்டமாவடிப் பக்கமிருந்து ஒரு முஸ்லிம் உம்மா வந்தார். மௌத்தான புருசனுக்கு வயலும் துவக்கும் இருந்தது. மூன்று ஆண்பிள்ளைகள். கடைசி மகன் கூட வந்திருந்தான், மற்ற இரண்டு பேரும் கட்டாரில். போனை நான் மேசையில் சாத்தி வைத்தேன். இரண்டு முகம் இரண்டு சதுரத்துக்குள் தெரிந்தது. "வாப்பா என்னத்தான் வயல் வட்டைக்குக் கூட்டிட்டுப் போவாரு" என்றார் மூத்தவர். "கட்டாரில இரிந்து பண்டிக்கு வெடி வைக்கப் போறியளா?" என்றார் நடுவிலார். "நீ மட்டும் எங்க இரிக்காய்? அடுத்த ரூம்லதானே!" உண்மையாகவே இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில், சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். போனிலும் கத்துகிறார்கள், சுவராலும் கேட்கிறது.

கடைசி மகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். திடீரென்று மேசையில் அடித்தான். போன் விழுந்தது. "கையெழுத்துப் போடாம ரெண்டு பேரும் ஊருக்கு வாங்க பாப்பம். துவக்கு என்ட கையிலதானே இரிக்கி" என்றான். போனும் வாயை மூடிக்கொண்டது. வேடிக்கைக்கு அவன் சொல்லவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. உம்மா முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு, போனைப் பொறுக்கி எடுத்துத் துடைத்தார்.

"மார்க்கப்படி எட்டில ஒரு பங்கு எனக்கு. எனக்கு அந்த விசைய மட்டும் கழட்டித் தாங்க, தலகாணிக்குக் கீழ வச்சிக்கிறன். மிச்சத்த மூணு பேரும் பிரிச்சி எடுங்க."

இல்லாத துவக்கு

ஒரு கிழவர். தன் துவக்கை உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். நல்ல மனிசன், நேரத்துக்கு யோசிக்கிறார் என்று நினைத்து மளமளவென்று அடித்தேன். "துவக்கு இப்ப ஆரிட்ட?" என்று கேட்டேன். "அதான் தெரியா" என்றார். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் போன துவக்கு. கையில் இருப்பது பழைய லைசன் மட்டும், மடிப்பில் கிழிந்து போய்.

தொலைந்தது என்று எழுதினால் எங்கே, எப்படி, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று விசாரணை வரும். இருக்கிறது என்று எழுதினால் கொண்டு வா என்பார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஐயா, இல்லாத சாமான எப்பிடி மகனுக்குக் குடுக்கிற?" என்று கேட்டேன். தவம் அண்ணன் என் காலில் மிதித்தார். கிழவர் கோபிக்கவில்லை. "வயசு போன எனக்கு அது வராது. அவனுக்கு ஒருநாள் வந்தா வரட்டுமே" என்றார். சரி, எடுத்தது யார் என்றாவது எழுதுவோம் என்று கேட்டேன். வந்தவர்கள் எடுத்தார்கள் என்றார். எந்த வந்தவர்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தக் காலத்தில வந்தவங்க எண்டா வந்தவங்கதான் புள்ள. எந்த வந்தவங்க எண்டு கேட்ட ஒருத்தனும் இப்ப இல்ல."

கொள்ளிச்சட்டி

என் கூடப்பிறந்த அண்ணன் கடைக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு நேரே தவம் அண்ணனிடம் போனார். "எங்கட அப்பாட துவக்க என்ட பேருக்கு மாத்தணும். வீட்டிலதான் இரிக்கி. இண்டைக்கே எழுதித் தாங்க." தவம் அண்ணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழும்பிப் போய்க் கடையின் முன்கதவைப் பாதி சாத்தினார்.

நான் விண்ணப்பத்தை எடுத்தேன். பெயர், விலாசம் அடித்தேன். அடுத்த கேள்வி: எந்தப் பயிர்நிலத்தைக் காக்க? எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் வந்து முட்டுகிற இடம் இதுதான். இங்கே வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்பிள்ளைக்குச் சீதனம். ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனிசி வீட்டுக்குப் போவான். அண்ணன் ஆரையம்பதியில் கட்டி, தோணி வைத்து, ஆற்றில் வலை போடுகிறார். அப்பா நோயில் படுக்குமுன்னமே வயலை எனக்கு எழுதிவிட்டார். துவக்கு வயலைக் காக்க. வயல் மகளுக்கு. அப்போ துவக்கு யாருக்கு என்று அப்பாவும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை. விண்ணப்பம் மட்டும் யோசித்திருக்கிறது.

"எந்தப் பயிர் எண்டு போட?" என்று கேட்டேன். "ஆத்தில ஆனை வாறல்ல. இறாலுக்கு வெடி வைக்கப் போறன் எண்டு போடவா?" என்றேன். அது நான் சொல்லியிருக்கத் தேவையில்லாத பேச்சு. ஆனால் கேள்வி சரிதான். அண்ணன் விண்ணப்பத்தைப் பிடுங்கிக் கசக்கினார். "லைசனும் வேணாம் ஒண்டும் வேணாம். இண்டைக்குப் பின்னேரம் வந்து தூக்கிட்டுப் போறன். ஆரு மறிக்கிற எண்டு பாப்பம்" என்றார். செத்தவர் பெயரில் உள்ள துவக்கோடு வாவிப் பாலத்தில் பொலிஸ் மறித்தால் அண்ணன் உள்ளே. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் அம்மாவும் உள்ளே. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவர் வாசலில் நின்று திரும்பினார்.

"வளவு உனக்கு, வயல் உனக்கு, கிணறும் உனக்கு. கொள்ளிச்சட்டி மட்டும் எனக்காடி?"

ஈரத் தோட்டா

அன்றைக்குக் கடையிலிருந்து நேரத்துக்கே புறப்பட்டும் எனக்கு முன்னால் அண்ணனின் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. அறை வாசலில் அம்மா. சாரனால் சுற்றிய துவக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "தாங்கம்மா." "தர ஏலா." "தாங்க எண்டன்." அம்மாவின் விரல்களை அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் வட்டைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. "ஆனை இறங்கிற்று! தங்கராசாட துவக்கு எங்க? வெடி வைங்க!" தங்கராசா எங்கள் அப்பா. செத்துப்போன மனிசனின் துவக்கை ஊரே கூப்பிடுகிறது.

பொழுதுபட இன்னும் நேரம் இருந்தது. ஒரு தனியன் ஆனை. எங்கள் வயலுக்குள்தான் நின்றது. முற்றிய கதிரைத் தும்பிக்கையால் கற்றையாக இழுத்து, முழங்காலில் தட்டி மண் உதிர்த்து, வாய்க்குள் வைத்தது. அண்ணன் துவக்கைப் பறித்து, தோட்டாவையும் எடுத்துக்கொண்டு வரம்பில் ஓடினார், நான் பின்னால். அப்பா மிச்சம் வைத்திருந்த தோட்டாக்களில் ஒன்றை அண்ணன் குழலுக்குள் போட்டார். ஆனையைப் பார்த்துத்தான் பிடித்தார். "மேல பிடி! மேல!" என்று கத்தினேன். பட்டால் சாகாது. காயத்தோடு நின்று ஊரைக் கொல்லும். நெற்றியில் வியர்வை வழிய அவர் விசையை இழுத்தார்.

டிக். வெடிக்கவில்லை. அடுத்ததைப் போட்டார். டிக். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் மாரி முழுக்கக் கிடந்து ஈரம் ஏறிய தோட்டா. ஆனை சாப்பாட்டை நிறுத்தியது. காதை விரித்தது. எங்கள் பக்கம் வந்தது, ஓடவில்லை, நடந்துதான் வந்தது. அண்ணன் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றார், கையில் வெடிக்காத இரும்பு. அந்த நேரம் பக்கத்து வயல் நாகராசா அண்ணன், அந்த 'ஆரம்ப'க்காரர்தான், ஆனைவெடி ஒன்றைக் கொளுத்தி எறிந்தார். ஆனைக்கும் எங்களுக்கும் நடுவில் விழுந்து வெடித்தது. ஆனை நின்றது. யோசித்தது. இன்னும் ஒரு கற்றையை இழுத்துக்கொண்டு திரும்பிக் காட்டுப் பக்கம் போனது.

புதுத் தோட்டா வாங்க லைசன் காட்ட வேண்டும். லைசனோ செத்தவருடையது. அதை நான் சொல்லவில்லை. துவக்கே அண்ணனுக்குச் சொல்லிவிட்டது. அடுத்த நாள் காலையில், துவக்கை என் பெயருக்கு எழுதச் சம்மதக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். ஏற்கெனவே அடித்து என் பைக்குள் வைத்திருந்தேன். நான் பொறுமை இல்லாதவள். அவர் வாசித்தார், பேனையை வாங்கினார், கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு கடிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு உன்னக் கட்டிட்டு வாறவன் அந்தத் துவக்கத் தொட்டான் எண்டு கேள்விப்பட்டா, நான் தோணியோட வருவன்."

ஒப்படைத்தது

தவம் அண்ணன் எங்களுக்காகக் கடையை மூடினார். கடிதத்தைப் போனில் போடவில்லை. சிங்களம் படிப்பிக்கிற ஒரு ரீச்சரிடம் கொண்டுபோய் எழுதுவித்தார். எங்கள் கிராம அலுவலர் விதானையாரும் கூட வந்தார். அம்மா குளித்து, அப்பாவின் படத்துக்குப் பூ வைத்து, கோயிலுக்குப் போவதுபோலப் புறப்பட்டார். ஆட்டோவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என்ன உள்ள போட்டா, கதிர் வெட்டு நேரம் ஆருடி வயல் பாக்கிற?" "நான்தான்" என்றேன்.

பொலிஸில் அம்மாவை ஒரு வாங்கில் இருத்தினார்கள். துவக்கை மேசையில் வைத்துக் குழலைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், அப்பாவின் மரணச் சான்றிதழைப் பார்த்தார்கள். செத்தது எப்போது, கொண்டு வருவது எப்போது என்று ஒருவர் அதட்டினார். பயத்தில்தான் பிந்தினோம் என்று நான் உள்ளதைச் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல? "புதுச் சட்டம் வந்தா துவக்கு திரும்பி வராது எண்டு பயம்." அதட்டியவர் உள்ளே போனார். வெளியே வரவில்லை. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

கடைசியில் சார்ஜன்ட் வந்தார். கடிதத்தை எடுத்து வாசித்தார். நடுவில் நிறுத்தி, எங்கள் கடையின் பெயர் போட்ட கவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உடனே எனக்கு விளங்கிவிட்டது. நாகராசா அண்ணனின் கடிதத்தை வாசித்த மனிசன் இவர்தான். முகம் கல்லுப்போல இருந்தது. துவக்கில் கட்டுகிற துண்டில் அப்பாவின் பெயரையும், கீழே ஒப்படைத்தவர் என்று என் பெயரையும் எழுதினார். பற்றுச்சீட்டை என் பக்கம் தள்ளினார். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கையைக் காட்டினார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்து, உடைந்த தமிழில் கேட்டார்.

"நங்கி, இது துவக்குத்தானே? ஆரம்பம் இல்லையே?"

நேர்முகம்

துவக்கைக் கேட்டு நான் போட்ட விண்ணப்பத்துக்குக் கச்சேரியில் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இவ்வளவு நாளும் எதிர்ப்பக்கமிருந்து பார்த்த கேற்றுக்குள் இப்போது நான் போகிறேன். தவம் அண்ணன் என்னிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: வாயைப் பார்த்துத் திற.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையான மனிசன். வயல் உறுதிப் பத்திரம், அண்ணனின் சம்மதம், விதானையாரின் கடிதம் எல்லாம் பார்த்தார். "பொம்பிளப் பிள்ளை துவக்கை வைச்சு என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "ஆம்பிளப் பிள்ளை என்ன செய்வானோ அதைத்தான் சேர். மேல பிடிச்சு வெடி வைப்பன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கலியாணம் முடித்தால் துவக்கு என்ன ஆகும் என்று கேட்டார். வயல் எங்கேயும் போகாது சேர், எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் வருவார் என்றேன். அதை எழுதிக்கொண்டார். பிறகு நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: புதுச் சட்டம் வந்தால் என் துவக்கு எனக்கா, அரசாங்கத்துக்கா? அவர் பேனையை மூடி வைத்தார்.

"எங்களுக்கும் பேப்பர்லதான் தங்கச்சி தெரியும். அது வாறதுக்குள்ள உங்கட ஃபைல் மேல போனா உங்களுக்கு, போகாட்டி எனக்குத் தெரியா."

பற்றுச்சீட்டு இப்போது அப்பாவின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது, ஆனைவெடி பெட்டியோடு வாசலில் இருக்கிறது. ஃபைலும் மேலே போகவில்லை, சட்டமும் கீழே வரவில்லை, சொன்ன நேரத்துக்கு வந்து தன் அலுவலை முடித்துக்கொண்டு போவது எங்கள் வட்டையில் ஆனை ஒன்றுதான்.